அப்பா அம்மா போட்ட 20 மார்க்: சர்க்கரை வியாதியின் வம்சக் கதை



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீ குடித்துக்கொண்டே பொறுமையாகப் படியுங்கள். சர்க்கரை போட்டா போடாமலா என்பது உங்கள் இஷ்டம்.

இதை எழுத இரண்டு காரணங்கள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், எச்சில் அனுப்பினால் போதும், ஜீனைப் பார்த்து நமக்கு சுகர் வருமா வராதான்னு சொல்லிடுவாங்களாம். பல ஆயிரம் ரூபாய் ஆகுது. அப்பாவுக்கு சுகர் இருக்கு. எடுத்துப் பார்க்கட்டுமா?" இரண்டாவது, நம் உறவு வட்டத்தில் நல்லபடியாகப் பேசி வந்த ஒரு சம்பந்தம் பாதியில் நின்றது. பெண்ணின் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சர்க்கரை. "வம்சத்துலயே இருக்கு, நமக்கெதுக்கு வம்பு" என்று மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிவிட்டார்கள். பெண் நன்றாகப் படித்தவள். உடம்பில் ஒரு குறையும் இல்லை.

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: சர்க்கரை ரத்தத்தில் எழுதி வைத்த தலையெழுத்து. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அதில் எவ்வளவு உண்மை என்று கொஞ்ச நாளாகப் படித்து வந்தேன். நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, வில்லியனூர், பாகூர் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன். ஆனால் இதன் வரலாறு நம் வீட்டு வாசலைத் தொட்டுப் போகிற வரலாறு. அதனால் சொல்கிறேன்.

முதலில் ரொம்பப் பழைய காலம். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து இந்த நோயை அடையாளம் கண்டவர்கள் நம் நாட்டு வைத்தியர்கள். மதுமேகம் என்று பெயரும் வைத்தார்கள். ஆச்சரியம் என்னவென்றால், சுசுருத சம்ஹிதை மேக நோய்களை அப்போதே இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று பிறவியிலேயே வருவது. தாய் தந்தையின் வித்தில் உள்ள குறையால் வருவது என்று அதற்குக் காரணம் சொல்கிறது. இன்னொன்று தகாத உணவாலும் நடத்தையாலும் வருவது. முதல் வகைக்காரர் மெலிந்திருப்பார், இரண்டாம் வகைக்காரர் பருத்திருப்பார் என்றும் சொல்கிறது. வித்தா, வாழ்க்கையா என்ற கேள்வி நேற்று முளைத்தது இல்லை. நுண்ணோக்கி கண்டுபிடிப்பதற்குப் பல நூற்றாண்டு முன்பே கேட்ட கேள்வி.

வெள்ளைக்காரன் காலத்தில் இதைப் பணக்காரன் நோய் என்றே நினைத்தார்கள். 1907இல் வெப்ப நாடுகளின் நீரிழிவு பற்றி பிரிட்டிஷ் மருத்துவர்கள் கூடி நடத்திய விவாதம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. உட்கார்ந்து வேலை பார்க்கும், வசதியான, படித்த வங்காளத்துக் கனவான்களைத்தான் அதில் அதிகம் பேசினார்கள். ஏர் ஓட்டுகிறவன் அந்தப் பேச்சில் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

நம் பக்கத்துக் கதை சென்னையில் தொடங்குகிறது. 1948இல் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கென்றே தனியாக ஒரு புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் எம். விஸ்வநாதன். பிறகு 1954இல் ராயபுரத்தில் சர்க்கரை நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையை ஆரம்பித்தார். நம் புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் கையை விட்டு இந்தியாவோடு சேர்ந்ததும் அதே 1954தான், நவம்பர் 1ஆம் தேதி. அவருடைய மகன் டாக்டர் வி. மோகனும், கூட ஆராய்ச்சி செய்த டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் பின்னால் உலகம் அறிந்த நிபுணர்கள் ஆனார்கள்.

இவர்கள் சேர்ந்து 1985இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணவன், மனைவி இருவருக்குமே சர்க்கரை இருக்கும் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்து, அவர்களின் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள். ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருந்தது. ஐரோப்பாவில் இதே மாதிரி செய்த ஆய்வுகளில் கண்டதை விட இது அதிகம். மேலே சொன்ன மாப்பிள்ளை வீட்டார் பயந்ததற்கு ஆதாரம் வேண்டுமென்றால் இதுதான். வம்சம் என்பது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, அதை மறுக்க முடியாது.

ஆனால் அதே எண்ணை இன்னொரு பக்கம் புரட்டிப் பாருங்கள். அப்பாவுக்கும் இருக்கிறது, அம்மாவுக்கும் இருக்கிறது. இரண்டு பக்கத்து வித்தும் வந்து சேர்ந்த பிள்ளைகளிலேயே மீதிப் பாதிப் பேருக்கு அப்போது அந்த நோய் இல்லை. தலையெழுத்து என்றால் எல்லோருக்கும் அல்லவா வந்திருக்க வேண்டும்? இன்னொன்று, ஒரு வீட்டில் பிள்ளைக்குக் கிடைப்பது பெற்றோரின் வித்து மட்டுமா? அதே அடுப்பு, அதே சோற்றுப் பானை, அதே திண்ணை, அதே பழக்கம். எது வித்தால் வந்தது, எது பானையால் வந்தது என்று குடும்பத்தை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

அதைப் பிரித்துப் பார்க்கும் முயற்சியில் 1962இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் நீல் என்ற மரபியல் அறிஞர் ஒரு கருத்தைச் சொன்னார். பஞ்ச காலத்தில் உடம்பில் சேமித்து வைக்கத் தெரிந்தவன்தான் பிழைத்தான். அந்தச் சிக்கனக் குணம் தலைமுறை தலைமுறையாக வித்தில் தங்கிவிட்டது. இப்போது தினம் தினம் சோறு கிடைக்கிறது. சேமிப்பது மட்டும் நிற்கவில்லை. நேற்றைய வரமே இன்று சாபமாகிவிட்டது என்றார். சிக்கன மரபணு என்று அதற்குப் பெயர். தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிகள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடித்துவிடும். ஆனால் அறிஞர்கள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு தனி மரபணுவை யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை.

நீலின் கருத்துக்கு எப்போதும் உதாரணமாகச் சொல்லப்பட்டவர்கள் அமெரிக்காவின் அரிசோனாவில் வாழும் பீமா என்ற பழங்குடிகள். உலகத்திலேயே சர்க்கரை மிக அதிகமாக இருக்கும் மக்கள் என்று பெயர் வாங்கியவர்கள். அவர்களின் பங்காளிகள் எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ மலையில் இன்னும் உழுது பாடுபட்டுச் சாப்பிடுகிறார்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு 2006இல் வந்த ஆய்வு சொன்னது: அரிசோனாவில் 100க்கு 38 பேருக்குச் சர்க்கரை. மெக்சிகோவில் 100க்கு 7 பேருக்கும் சற்றுக் குறைவு. வித்து ஏறக்குறைய ஒன்று. நிலம் வேறு, உழைப்பு வேறு, தட்டு வேறு.

நம் ஊர்க்காரர்கள் சம்பந்தப்பட்ட ஓர் உதாரணமும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட மொரீஷியஸ் தீவுக்கு 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்கள் கப்பல் ஏறிப் போனார்கள். பின்னால் ஆங்கிலேயர் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து லட்சக்கணக்கானோர் போனார்கள். அந்தத் தீவில் இந்திய வம்சாவளியினர், ஆப்பிரிக்க வம்சாவளியான கிரியோல் மக்கள், சீனர்கள் எல்லோரும் ஒரே மண்ணில் வாழ்கிறார்கள். 1987இல் அங்கே எடுத்த கணக்கெடுப்பில் எல்லா இனத்தாருக்கும் சர்க்கரை கிட்டத்தட்ட ஒரே அளவில் இருந்தது. சுமார் 10 முதல் 13 சதவீதம். மூன்று கண்டத்து வித்து, ஒரே தீவு வாழ்க்கை, ஒரே மாதிரி முடிவு.

இனி நம் மண்ணுக்கு வருவோம்.

1972 முதல் 1975 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாட்டின் பல ஊர்களில் எடுத்த கணக்கில், நகரத்தில் 100க்கு 2 பேருக்குத்தான் சர்க்கரை. கிராமத்தில் 1.5 சதவீதம். அந்தக் காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவு என்றால் விடியற்காலையிலேயே பெண்கள் கழனியில் இறங்கிவிடுவார்கள். காலையில் கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ். கூட வெங்காயம், பச்சை மிளகாய், இல்லையென்றால் கருவாடு. மல்லாட்டை பிடுங்கும் காலத்தில் நாள் முழுக்கக் குனிந்த முதுகு. நெல்லுச் சோறு இருந்தது, ஆனால் மூன்று வேளையும் இல்லை. வில்லியனூர் சந்தைக்குப் பல ஊர் ஜனங்கள் நடந்துதான் வருவார்கள். தேர்த் திருவிழாவுக்கும் நடைதான். யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை. வாழ்க்கையே அதைச் செய்ய வைத்தது.

1980களின் கடைசியில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சென்னை நகரத்தையும் தமிழ்நாட்டுக் கிராமத்தையும் ஒப்பிட்டார்கள். நகரத்தில் 8.2 சதவீதம், கிராமத்தில் 2.4. நகரத்தில் இருந்தவர்களும் நம் மாமன் மச்சான்தானே? கிராமத்தை விட்டு வேலைக்குப் போனவர்கள்தான். ரயில் ஏறியதும் வித்து மாறிவிடுமா? பிறகு 2004இல் டாக்டர் மோகன் குழுவினர் 26,000 பேரை வைத்து நடத்திய பெரிய ஆய்வில், அதே சென்னையில் 14.3 சதவீதம் ஆகிவிட்டது. பதினைந்து வருஷத்தில் முக்கால் மடங்கு கூடியிருக்கிறது. மரபணு மாற ஆயிரக்கணக்கான வருஷம் வேண்டும். ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்து பத்தாம் வகுப்பு முடிக்கும் காலத்தில் அது மாறாது.

இப்போது உட்கார்ந்து படியுங்கள். 2023இல் வெளியான இந்திய அளவிலான ஐ.சி.எம்.ஆர். – இண்டியாப் ஆய்வு, நாடு முழுக்க 1,13,000 பேரைப் பரிசோதித்தது. இந்தியாவில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை, எண்ணிக்கையில் சுமார் 10 கோடி. மாநில வாரியாக முதலிடம் கோவா, 26.4. இரண்டாம் இடம் யார் தெரியுமா? நம் புதுச்சேரிதான், 26.3 சதவீதம். நாலில் ஒருவர். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தில் இரண்டாமிடம் வந்தால் பட்டாசு வெடிப்போம். இதற்கு என்ன செய்வது?

நம் கொம்யூன்களில் நடந்ததை வரிசையாக நினைத்துப் பாருங்கள். ஐ.ஆர்.8 வந்தது. போர் போட்டார்கள், ஏற்றமும் கவலையும் போயின. உரலும் உலக்கையும் போய் ரைஸ் மில் வந்தது. தவிட்டோடு இருந்த அரிசி மல்லிகைப் பூ மாதிரி வெளுத்தது. கேழ்வரகு ஏழைச் சாப்பாடு என்று பெயர் வாங்கி ஒதுங்கியது. மூன்று வேளையும் அரிசி என்பது கௌரவம் ஆனது. உழவுக்கு டிராக்டர், நடவுக்கு மெஷின், டவுனுக்குப் போக பைக். கழனி மனையானது. நெல் களத்தில் நின்றவர் இன்று செக்யூரிட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இதில் எதையும் குறை சொல்ல வரவில்லை. என் அம்மா பட்ட பாட்டை என் பேத்தி பட வேண்டும் என்று நான் விரும்ப மாட்டேன். ஆனால் 1907இல் வங்காளத்துக் கனவானின் வாழ்க்கை எதுவோ, அது இன்று நம் எல்லோருடைய வாழ்க்கையும் ஆகிவிட்டது. உழைப்பு குறைந்தது, சோறு மட்டும் குறையவில்லை.

இங்கே ஒருவர் கேட்பார்: "எல்லா நாட்டிலும்தான் இப்படி மாறியது. நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு? ஒல்லியாக இருக்கிறவனுக்கும் வருகிறதே?" நியாயமான கேள்வி. லண்டனுக்குப் பக்கத்தில் சவுத்தால் என்ற ஊரில் 1980களில் கணக்கெடுத்தபோது, அங்கே குடியேறிய நம்மவர்களுக்கு வெள்ளையர்களைப் போல் நான்கு மடங்கு அளவுக்குச் சர்க்கரை இருந்தது. நம் உடம்பில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

அதற்கு ஒரு விடை புனே நகரிலிருந்து வந்தது. டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்பவர் அங்கே கிராமத்துத் தாய்மார்களுக்குப் பிறந்த குழந்தைகளை அளந்தார். சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்துக் குழந்தைக்கு 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசை குறைவு, உள்ளுறுப்புகள் சிறிது, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. வெளியே ஒல்லி, உள்ளே கொழுப்பு. அவரும் அவருடைய நண்பரான இங்கிலாந்து டாக்டர் யுட்கினும் தங்களையே அளந்து 2004இல் படத்தோடு வெளியிட்டார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கில் இருவரும் ஒன்று. ஆனால் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9 சதவீதம், நம்மவர் உடம்பில் 21 சதவீதம். தாய் வயிற்றில் இருக்கும்போது கிடைத்த உணவும் இதில் சேரும். ஆக, பிறக்கும்போதே வருவது எல்லாம் மரபணு இல்லை. அம்மா சரியாகச் சாப்பிட்டாளா என்பதும் பிறவியோடு வருகிறது. கர்ப்பிணிப் பெண்ணுக்குக் கடைசியில் சோறு போடும் பழக்கம் உள்ள வீடுகள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

சரி, அந்த மரபணு வேட்டை என்ன ஆயிற்று? மனித மரபணுத் தொகுதியைப் படிக்கும் திட்டம் முடிந்தது 2003இல். 2006இல் ஐஸ்லாந்து நாட்டு விஞ்ஞானிகள் டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவில் ஒரு சின்ன எழுத்து மாற்றம் சர்க்கரையோடு சேர்ந்து வருவதைக் கண்டார்கள். கணையம் இன்சுலின் சுரப்பதோடு தொடர்புடைய மரபணு. மறு வருஷமே சென்னையில் டாக்டர் மோகனின் ஆராய்ச்சி நிறுவனம், சர்க்கரை உள்ளவர், இல்லாதவர் என்று சுமார் ஆயிரம் ஆயிரம் பேரைச் சோதித்து, நம்மவர்களுக்கும் அது பொருந்தும் என்று காட்டியது. புனேயிலும் அதே முடிவு.

பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் அளவைப் பாருங்கள். அந்த மாற்றம் அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து வந்திருந்தால், இல்லாதவரைக் காட்டிலும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. இருவரிடமிருந்தும் வந்திருந்தால் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். சாதாரண மரபணுக்களில் மிகவும் பலமானதே இதுதான். மற்றதெல்லாம் சில்லறை. அந்தச் சில்லறையும் ஒன்று இரண்டு இல்லை. 2024இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு உலகெங்கும் 25 லட்சம் பேரை வைத்து 611 இடங்களைக் குறித்திருக்கிறது. உங்களிடமும் சில, என்னிடமும் சில, சர்க்கரையே வராத பக்கத்து வீட்டுத் தாத்தாவிடமும் சில இருக்கும்.

இன்னொரு சிக்கல். ஐரோப்பியரைச் சர்க்கரையிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லப்பட்ட ஒரு மரபணு மாற்றத்தைச் சென்னைக்காரர்களிடமும், அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் வாழும் தெற்காசியர்களிடமும் சோதித்தார்கள். நம்மவர்களுக்கு அது எந்தப் பாதுகாப்பும் தரவில்லை என்று 2006இல் எழுதினார்கள். வெள்ளைக்காரருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை நமக்குப் பொருந்தவில்லை. அதனால் ஐரோப்பியர்களையே பெரும்பாலும் வைத்துச் செய்த கணக்கைக் கொண்டு பாகூர்க்காரருக்கு ஜாதகம் எழுதினால், பலன் எப்படிச் சரியாக இருக்கும்? இந்தக் குறையைப் போக்கத்தான் நம் அரசாங்கத்தின் ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. அதன் பலன் இனிமேல்தான் வரும்.

இப்போது அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். மரபணுவைப் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியுமா? அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாக மக்களின் உடல்நிலையைக் குறித்து வருகிறார்கள். அங்கே 2,377 பேரை 28 வருஷம் பின்தொடர்ந்து, யாருக்குச் சர்க்கரை வரும் என்பதைச் சொல்வதில் 18 மரபணு மாற்றங்கள் எவ்வளவு உதவுகின்றன என்று கணக்குப் போட்டு 2008இல் வெளியிட்டார்கள். வயது, எடை, குடும்ப வரலாறு, ரத்த அழுத்தம், ரத்தச் சோதனை இவற்றை மட்டும் வைத்துச் சொன்னபோது கணிப்பின் திறன் 0.900. மரபணுவையும் சேர்த்தபோது 0.901. நம் பாஷையில் சொன்னால், 90 மார்க் வாங்கிய பையன் டியூஷன் வைத்து 90.1 வாங்கினான். பீஸ் மட்டும் பல ஆயிரம். அதற்குப் பிறகு பல மாற்றங்களைச் சேர்த்துக் கணக்கிடும் முறைகள் முன்னேறியிருக்கின்றன. இருந்தாலும் ஒரு இன்ச் டேப்பையும் ஒரு ரத்தச் சோதனையையும் தள்ளிவைக்கும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

அந்த இன்ச் டேப்பை வைத்து நம்மவர்களுக்கென்றே ஒரு கணக்கை டாக்டர் மோகன் குழுவினர் 2005இல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இந்திய சர்க்கரை அபாய மதிப்பெண். மொத்தம் 100. வாத்தியார் மனதுக்கு மிகவும் பிடித்த விஷயம். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

வயது: 35க்குக் கீழே 0, 35 முதல் 49 வரை 20, 50க்கு மேல் 30.

இடுப்புச் சுற்றளவு: பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குக் கீழே, ஆண்களுக்கு 90க்குக் கீழே என்றால் 0. பெண்களுக்கு 80 முதல் 89, ஆண்களுக்கு 90 முதல் 99 என்றால் 10. அதற்கும் மேல் 20.

உழைப்பு: தினசரி உடற்பயிற்சியும் கடின வேலையும் இரண்டும் இருந்தால் 0. ஏதாவது ஒன்று இருந்தால் 20. இரண்டும் இல்லாமல் உட்கார்ந்த வாழ்க்கை என்றால் 30.

பெற்றோர்: இருவருக்கும் சர்க்கரை இல்லை என்றால் 0. ஒருவருக்கு இருந்தால் 10. இருவருக்கும் இருந்தால் 20.

இந்தத் தேர்வில் குறைந்த மார்க் வாங்குகிறவர்தான் பாஸ். 30க்குக் கீழே அபாயம் குறைவு. 60 அல்லது அதற்கு மேல் என்றால் தாமதிக்காமல் ரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

மதிப்பெண் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். அப்பா அம்மா போட்டது அதிகபட்சம் 20. வயது போட்டது 30. அதை யாரும் தடுக்க முடியாது. மீதி 50, இடுப்பும் உழைப்பும். அதை நாமே போட்டுக்கொள்கிறோம்.

அந்த மாணவருக்கே கணக்குப் போட்டுப் பார்த்தேன். வயது 42, அதற்கு 20. அப்பாவுக்குச் சர்க்கரை, 10. இடுப்பு 96 என்றார், 10. நாள் முழுக்க நாற்காலி, 30. மொத்தம் 70. உடனே ரத்தச் சோதனை செய்யச் சொல்லியிருக்கிறேன். நல்லபடியாக வந்தால், ஒழுங்காக உடற்பயிற்சி செய்து, இடுப்பை 90க்குக் கீழே கொண்டு வந்தால் 70 என்பது 50 ஆகும். அப்பா கொடுத்த 10 அப்படியே இருக்கும், பரவாயில்லை. எச்சில் சோதனைக்கு வைத்திருந்த பணத்தில் நல்ல ஷூ வாங்கிக்கொள் என்று சொன்னேன்.

"வித்தில் இருந்தால் நடந்து என்ன பிரயோஜனம் சார்?" என்று கேட்பீர்கள். அதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சர்க்கரையின் விளிம்பில் இருந்த 3,500க்கும் மேற்பட்டோரிடம் அந்த டி.சி.எஃப்.7.எல்.2 மரபணுவைப் பார்த்தார்கள். சும்மா விட்டவர்களில், கெட்ட மாற்றத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் பெற்றவர்களுக்குச் சர்க்கரை வரும் வேகம் மற்றவர்களைப் போல் 1.8 மடங்கு. உணவைக் குறைத்து, நடந்து, எடை குறைத்தவர்களிடம் அந்த வித்தியாசம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. வித்தில் இருந்தவருக்கும் நடை வேலை செய்தது.

நம் ஊரிலும் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் பார்த்து 2006இல் முடிவைச் சொன்னார்கள். சும்மா விட்ட கூட்டத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது. உணவும் நடையும் மாற்றியவர்களில் 39 சதவீதம். மாத்திரை கொடுத்தவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு. உண்மையையும் சொல்ல வேண்டும்: நடந்தவர்கள் எல்லோரும் தப்பிக்கவில்லை. நூறு பேரில் பதினாறு பேர் கூடுதலாகத் தப்பினார்கள். அந்தப் பதினாறில் ஒருவராக இருக்க முயற்சி செய்யலாம் அல்லவா? அதனால், நன்றாக நடந்தும் சர்க்கரை வந்துவிட்ட உறவினரைப் பார்த்து "நீ வாயைக் கட்டலை" என்று குத்திக் காட்டாதீர்கள். அவர் கையில் வாங்கிய சீட்டு அப்படி.

மரபணுச் சோதனையே வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறந்து ஆறு மாதத்துக்குள் ஒரு குழந்தைக்குச் சர்க்கரை வந்தால், அது பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுக் கோளாறு. அதைச் சோதித்துக் கண்டுபிடித்தால், சில வகையில் இன்சுலின் ஊசியை நிறுத்தி மாத்திரையிலேயே குழந்தையை வளர்க்க முடிகிறது. இளவயதிலேயே மூன்று தலைமுறையாக வரும் ஒரு வகையும் உண்டு. அங்கெல்லாம் டாக்டர் சொல்லிச் செய்யும் சோதனை பொன்னானது. நாற்பதுக்கு மேல் நம்மில் பெரும்பாலோருக்கு வரும் சர்க்கரை அந்த வகை இல்லை.

கடைசியாக அந்தச் சம்பந்தம். மாப்பிள்ளை வீட்டாருக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பெண்ணுக்குப் பெற்றோர் வழியில் 20 மார்க். உங்கள் பையனுக்கு? அவன் அப்பாவுக்கு மட்டும் சர்க்கரை, 10. ஆனால் அவன் இடுப்பும் பைக்கும் சேர்ந்து 40 போடுகின்றன. பெண் ஒல்லி, தினம் யோகாசனம் செய்கிறாள், வயதும் முப்பதுக்குள். கூட்டிப் பாருங்கள், யார் யாரைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? நாலில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் புதுச்சேரியில், சர்க்கரை இல்லாத வம்சம் தேடிப் புறப்பட்டால் பிள்ளைகளுக்குக் கல்யாணமே நடக்காது.

முப்பது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள். பெற்றோருக்கு இருந்தால் கண்டிப்பாக. தட்டில் சோற்றைக் கொஞ்சம் குறைத்து, காயையும் பருப்பையும் கூட்டுங்கள். வாரத்தில் சில நாளாவது கூழோ களியோ திரும்பி வரட்டும். மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

உங்கள் மார்க்கைக் கூட்டி, விருப்பமிருந்தால் கீழே எழுதுங்கள். நான் 65 வயதுக்காரன், வயதுக்கு 30, அம்மா கொடுத்தது 10, இடுப்புக்கு 0, காலை நடைக்கு 20. மொத்தம் 60. நாளைக் காலை ரத்தம் கொடுக்கப் போகிறேன். யார் யார் கூட வருகிறீர்கள்?

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்